வாலில்லாத வௌவாலும் ஒரு பெயர்ச் சீட்டும்

1948ஆம் ஆண்டு மே மாதம். அன்றைய மதுரை மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே சுவர் போல எழுந்து நிற்கும் மலையில் ஒரு வௌவால் பிடிபட்டது. பிடித்தவர் ஆங்கஸ் ஹட்டன் என்ற வெள்ளைக்காரத் தோட்டத் துரை. தேயிலை, காபியைவிடப் பாம்பிலும் பறவையிலும் அதிக ஆர்வம் கொண்ட துரைகள் அந்தக் காலத்தில் அபூர்வமல்ல. தோலை உரித்துப் பாடம் செய்து, மண்டையோட்டைச் சுத்தம் செய்து, இடம், தேதி எல்லாம் எழுதிய பெயர்ச் சீட்டோடு வைத்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் போய்ச் சேர்ந்தது. குட்டை மூக்குப் பழந்தின்னி வௌவால் என்று அதற்குப் பெயர் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் நகரம், கிராமம், வாழைத்தோப்பு என்று எங்கும் காணப்படும் மிகச் சாதாரணமான வௌவால் அது.

இருபத்துநான்கு ஆண்டுகள் அது அந்தப் பெயரில் இழுப்பறையில் கிடந்தது. பெயர் தவறு.

கண்டுபிடித்தவர் கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து விலங்கியலாளர். அந்தத் தோலையும் மண்டையோட்டையும் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இரண்டு விஷயங்கள் பொருந்தவில்லை. குட்டை மூக்கு வௌவாலுக்குச் சிறியதாக ஒரு வால் வெளியே தெரியும். இதற்கு வாலே இல்லை. அதற்கு முன் வெட்டுப்பற்கள் இரண்டு ஜோடி. இதற்கு ஒரு ஜோடிதான். வால் இல்லாமை, பல்லின் எண்ணிக்கை: மேலோட்டமாகப் பார்க்கிறவர் கண்ணில் படக்கூடியவை அல்ல. ஆனால் வகைப்பாட்டில் இவை சிறிய வேறுபாடுகளும் அல்ல. புதிய இனம் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாதபடி, புதிய பேரினமே உண்டாக்க வேண்டியிருந்தது. 1972இல் பம்பாய்க் கழகத்தின் ஆய்வேட்டில் அவர் அதற்கு லாட்டிடென்ஸ் சலீமலியை என்று பெயரிட்டார். முதல் பாதிக்கு அகன்ற பல் என்று பொருள். இரண்டாம் பாதி, இந்தியப் பறவையியலின் பெரியவரான சலீம் அலி. வௌவால் பறவையா மிருகமா என்று பாட்டி கதைகளில் நடக்கும் வழக்கு உங்களுக்குத் தெரியும். கடைசியில் ஒரு வௌவாலுக்குப் பறவைக்காரரின் பெயர் கிடைத்தது. அந்தப் பேரினத்தில் இன்று வரை வேறு இனம் கிடையாது. ஒற்றை வாரிசு.

நான் அந்த மலையடிவாரத்தில் பிறந்தவன். சின்னமனூரிலிருந்து மேலே ஏறும் பாதையை ஊரில் யாரும் மேகமலை ரோடு என்று சொல்லி நான் சிறு வயதில் கேட்டதில்லை. ஹைவேவிஸ் என்பார்கள். ஆங்கிலேயர்கள் வைத்த 'ஹை வேவி' என்ற பெயர் நம் நாக்கில் உருண்டு அப்படி ஆனது. இன்றும் அங்கே உள்ள பேரூராட்சிக்கு அதுதான் அரசாங்கப் பெயர். வயதானவர்கள் பச்சைக் கூமாச்சி என்பார்கள். ஒரே மலைக்கு மூன்று பெயர். ஆனால் அந்த மலையில், உலகில் வேறெங்கும் அதுவரை கிடைக்காத ஒரு பிராணி இருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அதற்கென்று தனியாக ஒரு பெயர் எங்கள் பேச்சிலும் இருந்ததில்லை. வௌவால் என்றால் வௌவால்தான். பெரிசு, சின்னது என்று இரண்டே வகை.

பிற்பாடு விலங்கியல் படித்து, கல்லூரியில் அதையே கற்பிக்கும் வேலைக்குப் போனேன். வகைப்பாடு என்றால் மாணவர்களுக்குக் கசப்பு. லத்தீன் பெயர்களை உருப்போடும் பாடம் என்று நினைப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் நான் ஜாடிகளின் பெயர்ச் சீட்டுகளைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, இனங்காட்டும் கேள்விகளைக் கையில் கொடுப்பேன். வால் உண்டா? உண்டு என்றால் அடுத்த கேள்விக்குப் போ. காதின் ஓரம் வெள்ளையா? பல் எத்தனை? ஒரு கேள்வியிலிருந்து இன்னொன்றுக்குப் படியிறங்கினால் கடைசியில் பெயர் வரும். ஒரு வருடம் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “சார், எந்தக் கேள்விக்கும் பொருந்தலைன்னா என்ன எழுதணும்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தக் கேள்விதான் அந்த ஆண்டின் சிறந்த கேள்வியாகப்பட்டது. மேகமலை வௌவாலின் கதையை அன்றைக்குத்தான் முதன்முறையாக வகுப்பில் சொன்னேன். பொருந்தவில்லை என்று எழுதும் தைரியம் ஒருவருக்கு வர இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின என்றேன்.

பெயர் கிடைத்த பிறகும் பிராணி கிடைக்கவில்லை என்பது இந்தக் கதையின் அடுத்த பகுதி. 1972க்குப் பிறகும் உலகம் அறிந்தது அந்த ஒரே ஒரு தோலைத்தான். தோங்லோங்யா 1974இல் காலமானார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் தாய்லாந்தின் குகைகளில் இரண்டு கிராம் எடையுள்ள குட்டி வௌவால் ஒன்றை அவர் சேகரித்திருந்தார். உலகின் மிகச் சிறிய வௌவால் அதுதான். அதற்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. சலீம் அலி 1987இல் மறைந்தார். பெயர் வைத்தவரும், பெயருக்கு உரியவரும், அது உயிரோடு மறுபடி அகப்பட்ட செய்தியைக் கேட்கவில்லை. 1993இல்தான் பம்பாய்க் கழகத்தையும் இங்கிலாந்தின் ஹாரிசன் விலங்கியல் அருங்காட்சியகத்தையும் சேர்ந்தவர்கள் அதே மலையில் அதைக் கண்டார்கள். நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளி.

அவர்களால் எப்படி அங்கே போக முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஹட்டனின் சீட்டில் இருந்த பெயர் தவறு. ஆனால் இடம் சரி. தேதி சரி. ஹை வேவி மலை, இன்ன நாள் என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால்தான் மற்றதெல்லாம் நடந்தது. பெயர் என்பது ஒருவரின் கருத்து. அதை இன்னொருவர் மாற்றலாம். எங்கே, எப்போது என்பது சாட்சியம். அதைக் கோட்டைவிட்டால் பிறகு யாராலும் திருத்த முடியாது. இதை நான் மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்தவன்.

இதெல்லாம் அருங்காட்சியகத்துக்குள் நடக்கும் வாதம், வெளியே இருப்பவருக்கு என்ன என்று கேட்கலாம். என் தாய்மாமா கேட்டார். அவருக்குக் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். எங்கள் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழம் கறுக்க ஆரம்பித்தால் ராத்திரி வௌவால் வந்துவிடும். தகரத்தைத் தட்டுவார்கள், விளக்குப் போடுவார்கள், பந்தல் மேல் நைலான் வலை விரிப்பார்கள். விடிந்து பார்த்தால் வலையில் நாலைந்து சிக்கிச் செத்துக் கிடக்கும். ஒரு விடுமுறையில் நான் போயிருந்தபோது, வலையிலிருந்து எடுத்துப் போட்டவற்றைக் காலால் ஒதுக்கிக்கொண்டே மாமா சொன்னார்:

“ஏ மாப்ளே, பேப்பர்ல போட்டிருந்தான். நம்ம மலையில இருக்கிற ஒரு வௌவாலைக் கொன்னா ஜெயிலாம். மத்த வௌவாலைக் கொன்னா கேள்வியே இல்லையாம். ராத்திரி ரெண்டு மணிக்கு வலையில விழுந்தா, நான் வாயைத் தொறந்து பல்லை எண்ணிப் பாக்கணுமா?”

கிண்டல்தான். ஆனால் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சித்து நான் கேட்டதில்லை.

சட்டம் அப்போது என்ன சொன்னது? தோங்லோங்யாவின் கட்டுரை வந்த அதே 1972இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன் ஐந்தாம் அட்டவணை தொல்லைப் பிராணிகளுக்கானது. காக்கை, எலி, சுண்டெலி வரிசையில் பழந்தின்னி வௌவால்களும் அதில் இடம்பெற்றன. அந்த அட்டவணையில் இருந்தால் பாதுகாப்பு இல்லை, கொன்றால் குற்றமில்லை. பிற்பாடு லாட்டிடென்ஸ், புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணைக்கு ஏற்றப்பட்டது. கர்நாடகத்தின் பாரபேடே குகைகளில் பெயர்பெற்ற, பூச்சி தின்னும் வௌவால் ஒன்றும் அதனோடு சேர்ந்தது. மற்றப் பழந்தின்னிகள் கீழேயே இருந்தன.

ஆக, வால் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு பிராணி எலியோடும் போகலாம், புலியோடும் போகலாம். 1948இல் ஹட்டனின் வௌவாலுக்குக் கிடைத்த அந்தத் தவறான பெயரே நீடித்திருந்தால், மேகமலையில் மிச்சமிருந்தவை சட்டத்தின் கண்ணில் தொல்லைப் பிராணிகளாகவே செத்திருக்கும். அருங்காட்சியகத்தில் நிதானமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு வெளிச்சத்திலும் கால் நூற்றாண்டு பிடிபடாத வித்தியாசத்தை, இருட்டில் ஒரு விவசாயி கண்டுகொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் எதிர்பார்த்தது.

மாமாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். பள்ளத்தாக்கில் திராட்சைக்கு வருவது பெரும்பாலும் குட்டை மூக்கு. மலைக்காட்டு வௌவால் மேலே, காடும் காபித் தோட்டமும் சந்திக்கும் இடங்களில் இருப்பது. பகலில் குகைகளில் தங்கும். இரவில் அத்திப்பழமும், உருத்திராட்ச மரத்தின் இனத்தைச் சேர்ந்த காட்டு மரங்களின் பழமும் தின்னும். மேகமலைக்கு அப்பால் அகத்தியமலைப் பக்கம், களக்காடு முண்டந்துறைக் காட்டிலும் பிற்பாடு அதைக் கண்டார்கள். மேற்கு மலைத்தொடரின் தெற்குக் கோடிதான் அதன் உலகம். உடல் நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். கறுப்பும் பழுப்புமான தலை, வெளிர்ப் பழுப்புச் சிறகு. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழிவின் அபாயத்தில் உள்ள இனம்.

“அப்ப என் தோட்டத்துக்கு வர்றது பாவப்பட்டதா?” என்றார் மாமா.

சரியான கேள்வி. பாவப்பட்டது செய்யும் வேலை என்ன? இலுப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று சொல்லும் நாம், அந்தப் பூவில் இரவு யார் வந்து மகரந்தம் மாற்றுகிறார்கள் என்று நினைப்பதில்லை. கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த அந்த மரத்தின் விதையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொலைவில் போடுவதும் பழந்தின்னி வௌவால்தான். இலவமரத்தின் பூவிலும் இரவில் மகரந்தம் மாற்றுவது அதுதான். அத்தி விதையை வயிற்றில் சுமந்து பறந்துகொண்டே எச்சமிடும். காட்டை வெட்டிய இடத்தில் முதலில் முளைக்கும் மரங்களில் பலவற்றுக்கு இரவில் விதை போடுபவை இவைதான். காபித் தோட்டங்களில் வௌவால் சப்பித் துப்பிய கொட்டைகளைப் பொறுக்கி எடுப்பது பழைய வழக்கம். திராட்சையில் அதனால் நஷ்டம் இருக்கிறது, உண்மை. அந்த நஷ்டத்தை மாமா ஒருவர் தாங்குகிறார். மரம் முளைத்த லாபம் ஊருக்குப் போகிறது. இந்தக் கணக்கைச் சரிசெய்ய வேண்டியது அரசாங்கமும் ஊரும். வௌவாலை அட்டவணையில் ஏற்றுவதோ இறக்குவதோ அந்தக் கணக்கைத் தீர்க்காது.

2022இல் சட்டம் திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருங்கின. தொல்லைப் பிராணிகளின் அட்டவணை போய்விட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு பழந்தின்னிகள் எலிகளின் வரிசையிலிருந்து விடுபட்டன. ஆனால் ஓர் அறிவிக்கை மூலம் குறிப்பிட்ட பிராணியைத் தொல்லைப் பிராணி என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இன்னும் இருக்கிறது.

இடையில் வேறு பயமும் சேர்ந்துகொண்டது. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோதும், 2020இல் கொரோனா வந்தபோதும் வௌவால் என்ற சொல்லே வசையானது. பழந்தின்னிகளிடம் நிபா வைரஸ் இருப்பது உண்மை. அதை மறைப்பதில் பயனில்லை. வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், செத்த வௌவாலைத் தொடாதீர்கள், ஆஸ்துமாவுக்கு மருந்து என்று அதன் இறைச்சியைத் தேடாதீர்கள். ஆனால் குகைக்குள் புகைபோட்டு விரட்டுவதும் மரத்தை வெட்டுவதும் நோயைத் தடுக்காது. கலைந்த கூட்டம் வேறு ஊருக்கு, வேறு மரத்துக்கு, மனிதருக்கு இன்னும் அருகில் வரும். தெற்காசியாவின் வௌவால் ஆய்வாளர்கள் 2020இல் கூட்டாக அறிக்கை விட்டு இந்தப் பீதியைத் தணிக்க முயன்றார்கள். ஆலமரத்தில் தொங்கும் பெரிய வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் எந்த அறிக்கையும் படித்தவர்கள் அல்ல.

வகைப்பாட்டுக்கு வருகிறேன். இது முடிந்துபோன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். வகைப்பாட்டின் தந்தை என்று நாம் பாடம் நடத்தும் லின்னேயஸ், 1758இல் வௌவாலை மனிதனோடும் குரங்கோடும் ஒரே வரிசையில் வைத்தார். இரண்டு முலைக்காம்புகள் மார்பில் இருப்பது ஒரு காரணம். நம்மைப் போலவே! அந்த உறவு பின்னால் அறுந்தது. இன்று மரபணுச் சோதனை வௌவாலை நாய், குதிரை, பசு, திமிங்கிலம் எல்லாம் அடங்கிய பெருங்கிளையில் வைக்கிறது. நான் கல்லூரியில் படித்தபோது, வௌவால்களைப் பெரியவை, சிறியவை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணால் பார்த்துப் பழம் தின்பவை ஒரு பக்கம், எதிரொலி கேட்டுப் பூச்சி பிடிப்பவை மறுபக்கம். கோடு போட்ட மாதிரி தெளிவாக இருந்தது. மரபணு வந்து அந்தக் கோட்டை அழித்தது. எதிரொலியில் கெட்டிக்காரனான லாட வௌவால், மற்றப் பூச்சித்தின்னிகளைவிடப் பழந்தின்னிகளுக்கே நெருங்கிய உறவு என்று தெரிந்தது. தோங்லோங்யாவின் பெயர் தாங்கிய அந்த இரண்டு கிராம் வௌவாலும் அதே பக்கம்தான். எங்கள் பள்ளத்தாக்கின் ஆள் பேச்சு வழக்கில் சொல்வதானால், பெரிசும் சின்னதும் பங்காளிகள்.

இந்தியாவில் ஏறத்தாழ 130 வௌவால் இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. உலகில் 1,400க்கும் மேல். இந்த எண்கள் ஆண்டுதோறும் ஏறுவதற்குக் காரணம், புதிதாக வௌவால்கள் உண்டாவது அல்ல. பழைய தோலை யாரோ மறுபடி கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்பதுதான் என் கவலை. வகைப்பாடு படித்தால் வேலை கிடைக்காது என்று என்னிடம் படித்த கெட்டிக்காரர்கள் வேறு துறைகளுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்லூரி அருங்காட்சியகங்களில் ஃபார்மலின் வற்றி, பெயர்ச் சீட்டு உரிந்து கிடக்கும் ஜாடிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீட்டு உதிர்ந்த ஜாடி வெறும் ஊறுகாய்.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. பெயர் கிடைத்ததால் ஒரு வௌவாலுக்குச் சட்டம் காவல் வந்தது, நல்லது. ஆனால் 1948க்கும் 1972க்கும் நடுவில் அது எப்படிப் பிழைத்தது? அப்போது அதற்கு எந்தச் சட்டமும் இல்லை, சரியான பெயரும் இல்லை. மலையில் காடு மிச்சம் இருந்தது, குகை மிச்சம் இருந்தது. தேயிலையும் ஏலமும் காபியும் எவ்வளவோ தின்ற பிறகும் தின்னாமல் விட்ட சோலைகள் இருந்தன. 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது, எல்லோரும் புலியைப் பற்றியே பேசினார்கள். பேசட்டும். புலியின் பெயரால் காக்கப்படும் குகைகளில் வாலில்லாத வௌவாலும் தூங்கும். இன்னும் யாரும் பெயர் வைக்காத எதுவோ ஒன்றும் அதன் பக்கத்தில் தூங்கக்கூடும். பெயர் தெரியாததற்குச் சட்டத்தில் அட்டவணை கிடையாது. அது இருக்கும் இடத்தைக் காப்பதுதான் அதற்கு நாம் தரக்கூடிய ஒரே காவல்.

மேகமலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் இப்போது அதிகம். பாதையும் நன்றாகிவிட்டது. போகிற உங்களிடம் ஒரே வேண்டுகோள். வழியில் யாராவது குகை இருக்கிறது, வௌவால் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். பகலில் டார்ச் அடித்துக் கிளப்பினால் தாய் பறக்கும், மார்பில் தொங்கும் குட்டி விழும். வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நாமும் தொங்க வேண்டும் என்பார்கள். தொங்கத் தயாராக இல்லாதவர்கள் வாசலோடு திரும்பிவிடுவது மரியாதை.